மொட்டை, காதுகுத்து: தனி ஆளாக நடத்தியதில் பட்டதும் விட்டதும்

பையனுக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரம் சின்ன மாமியார் போன் செய்தார். நலம் விசாரிப்பு எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே, "குழந்தைக்கு எப்போ மொட்டை? வயசு முடியறதுக்குள்ள போட்டுடணும், விட்டா மூணாவது வயசுதான், ரெண்டுல போடக் கூடாது" என்றார். "சரிங்க அத்தை, பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பார்க்கிறேன் என்று சொன்னேனே தவிர எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கணவர் மஸ்கட்டில். மாமனார், மாமியார் இருவரும் இல்லை. என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அப்பாவிடம் கேட்டால், "அதெல்லாம் உங்கம்மாதான் பார்த்தா" என்பார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. தாம்பரம் பக்கம் ஒரு வாடகை வீடு, ஒரு வேலை, ஒரு கைக்குழந்தை, இதுதான் நான். இந்த நிலையில் ஒரு மொட்டையும் ஒரு காதுகுத்தும் நடத்தி முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. விருந்துச் செலவு, பூஜைச் செலவு எல்லாம் தனி. வீணாகப் போனது மட்டும் 21,500 ரூபாய். அதில் சேராத இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நடந்த சடங்குகளில் பெரிய அடி இல்லை, சின்னச் சின்ன இடறல்தான். பிறந்த 11ஆம் நாள் புண்ணியதானம் செய்து பெயர் வைத்தோம். குழந்தையின் வலது காதில் அப்பா மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும் என்றார் ஐயர். அப்பா மஸ்கட்டில் இருக்கிறாரே, போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே கொண்டுபோனேன். அவர் பாசத்தில் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டார், குழந்தை தூக்கிவாரிப்போட்டு அழுதது, கூடியிருந்த பத்துப் பேரும் சிரித்தோம். இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் நிறைவாகத்தான் இருக்கிறது. தவறு அதற்கடுத்த வாரம் நடந்தது. யாரோ சொன்னார்கள் என்று எண்கணிதம் பார்த்து, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதலாமா, இரண்டு எழுத்தைக் கூட்டலாமா என்று குழம்பி, பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதை மருத்துவமனையிலேயே செய்துவிட்டார்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம். நான் பதினோராம் மாதத்தில் ஓடினேன். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதனால் எழுத்தைக் கூட்டுவது, குறைப்பது, முன்னெழுத்து எது என்பதையெல்லாம் பெயர் சூட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். தொட்டிலில் போட்டுக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் யோசிக்காதீர்கள்.

சேனை தொட்டு வைப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது, யார் வைக்கிறாரோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. நல்ல ஆசைதான். ஆனால் ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதிலிருந்து வரும் நச்சுக்கிருமி சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். எங்கள் வீட்டில் பெரியம்மா விரலை அவன் உதட்டில் தொட்டு எடுத்துவிட்டு, "சேனை வைச்சாச்சு" என்று முடித்துக்கொண்டார். வசம்பு வளையல் கையில் கட்டினோம். அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பிள்ளை வளர்ப்பான் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கடைக்காரரே திருத்தினார்! கட்டுவதோடு சரி, உரைத்து வாயில் ஊற்றுவது வேண்டாம். ஆறாம் மாதச் சோறூட்டலில் வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வாய் ஊட்டி, பையன் எல்லாவற்றையும் என் பட்டுப்புடவையில் கக்கினான். ஒருவர் ஊட்டினால் போதும், மற்றவர்கள் அட்சதை போட்டால் போதும்.

இனி மொட்டை. முதல் முடி குலதெய்வத்துக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வயிற்றிலிருந்து வந்த முடி, பிறவி முடி, அதை இந்த வம்சத்தைக் காக்கிற தெய்வத்திடம் இறக்கிவைத்துவிட்டுத்தான் பிள்ளையை வெளி உலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழனியோ திருப்பதியோ அதற்குப் பிறகுதான். சரி, எங்கள் குலதெய்வம் எது? கணவருக்குத் தெரியவில்லை. மாமனார் இருபது வயதில் ஊரைவிட்டு வந்தவர், வந்தபின் திரும்பிப் போகவே இல்லையாம். சின்ன மாமியாருக்கும் தெரியவில்லை, அவர் மாமியாரின் தங்கைதானே, அவருக்கு வேறு குலதெய்வம்.

இந்த இடத்தில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ஏமாந்தேன் என்று சொல்வதா, அவசரப்பட்டேன் என்று சொல்வதா தெரியவில்லை. அலுவலகத்தில் ஒருவர், பிரசன்னம் பார்த்துக் குலதெய்வத்தைச் சொல்கிற ஜோதிடர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். 3,500 ரூபாய். சோழி போட்டார், கண்ணை மூடினார், தெற்கே நீர்நிலைக்கு அருகில் காவல் தெய்வம், குதிரை இருக்கும், ஆண் தெய்வம் என்றார். தமிழ்நாட்டில் எந்த ஏரிக்கரையில் குதிரையோடு அய்யனார் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. பத்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, நாலு மணி நேரத் தூக்கத்தில் ஓடுகிற மூளைக்கு எதுவும் தோன்றாது. அவரே ஓர் ஊரையும் சொன்னார். 5,200 ரூபாய்க்கு வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனேன். கோவில் இருந்தது, அய்யனார் இருந்தார், பூசாரி என்னிடம் வகையறாப் பெயரைக் கேட்டார், சொன்னேன், "அப்படி ஒரு வகையறா எங்க கோவில்ல இல்லையேம்மா" என்றார். நல்ல மனிதர், தட்டில் வைத்த காசைக்கூடப் பாதி திருப்பிக் கொடுத்தார். காரில் திரும்பி வரும்போது அழுதேன். பணம் போனதற்காக இல்லை. யாரும் இல்லாத குடும்பத்தில் பிள்ளை பெற்றுவிட்டோமே என்று.

கடைசியில் எது கைகொடுத்தது தெரியுமா? மாமனாரின் டிரங்குப் பெட்டியில் கிடந்த அவருடைய கல்யாணப் பத்திரிகை. நம் ஊர்ப் பத்திரிகைகளில் உச்சியில் பிள்ளையார் சுழிக்குக் கீழே 'இன்ன தெய்வம் துணை' என்று அச்சிடுவார்கள் அல்லவா, 1981இல் அடித்த அந்த மஞ்சள் அட்டையில் 'ஸ்ரீ பச்சையம்மன் துணை' என்று இருந்தது. கீழே செஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர். வீட்டிலேயே இருந்தது! குலதெய்வம் தெரியாதவர்கள் சோழி பக்கம் போகும் முன் பழைய பத்திரிகைகள், மொய் நோட்டு, நிலப் பத்திரம், கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். பூர்வீக ஊர்ப் பெயரும் வகையறாப் பெயரும் கிடைத்துவிட்டால் பாதிக் கதவு திறந்துவிட்டது. அந்த ஊர் டீக்கடையில் போய் வகையறாவைச் சொன்னால் யாராவது பங்காளி வீட்டைக் காட்டுவார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. மாமனாருக்கு அண்ணன் முறை ஆகிற ஒரு தாத்தா, என் பையனைப் பார்த்துவிட்டு, "அவன் நெத்தி அப்படியே எங்க சின்னான் நெத்தி" என்றார். சின்னான் என்பது என் மாமனார் என்று எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது.

தாத்தாதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் கோவிலில் அம்மனுக்குப் பொங்கலும் பூவும்தான், கவிச்சி கிடையாது, வாசலில் ஆளுயரத்தைவிட மூன்று மடங்கு உயரமாக உட்கார்ந்திருக்கிற வாழ்முனிக்குத்தான் கிடா. கிடா வெட்டுவது கட்டாயமா என்று கேட்டேன், வேண்டிக்கொண்டிருந்தால்தான், இல்லையென்றால் பொங்கல் போதும் என்றார். மார்கழியில் வேண்டாம், தை பிறந்ததும் முதல் வாரத்தில் வைத்துக்கொள் என்றார். பிள்ளையின் ஜென்ம நட்சத்திரத்தன்று முடி இறக்கக் கூடாது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளும் குறித்துக் கொடுத்தார். பையன் பிறந்தது 2024 ஜனவரி கடைசியில், ஆக வயது முடிய ஒரு வாரம் இருக்கும்போதே முடிந்துவிடும். சமையல்காரருக்கு 5,000, வேனுக்கு 3,000 முன்பணம் கொடுத்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் தாத்தா இறந்துவிட்டார்.

பங்காளி தீட்டு. நாள் போயிற்று. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: செய்தி கேட்டதும் எனக்கு முதலில் நினைவு வந்தது முன்பணம்தான். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். சமையல்காரர், "அரிசி பருப்பு எடுத்துட்டேன்மா" என்று பணத்தைத் திருப்பித் தரவில்லை, வேன்காரர் போனை எடுக்கவே இல்லை. சடங்குகளுக்கு முன்பணம் கொடுக்கும்போது, "வீட்டில் தீட்டு வந்தால் நாள் மாறும், இந்தப் பணம் அடுத்த நாளுக்குச் செல்லும்" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் தீட்டு என்ற வார்த்தையைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாயால் சொன்னது நிற்காது.

வயது தாண்டப் போகிறதே என்று மறுபடி போன்கள். சின்ன மாமியார் மூன்றாம் வயதுவரை காத்திரு என்றார், என் பெரியம்மா அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றார், கணவர் உனக்கு எது சரியோ செய் என்றார், அந்தப் பதில்தான் எல்லாவற்றிலும் எரிச்சலாக இருந்தது. கோவில் பூசாரிதான் வழி சொன்னார். பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு நல்ல நாளில், வீட்டிலேயே அம்மனை நினைத்துப் பிள்ளையின் உச்சியில் ஒரு கொத்து பூமுடி எடுத்து, 11 ரூபாயோடு மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வை. அதுவே கணக்கு. பதினாறு முடிந்ததும் வந்து முழுசாக இறக்கிக்கொள். எவ்வளவு எளிது! நானும் அப்படியே செய்தேன். பிறகு படித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. சாஸ்திரத்தில் சொல்கிற பதினாறு சம்ஸ்காரங்களில் சௌளம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் முதல் வயது அல்லது மூன்றாம் வயது என்கிற கணக்கு. ஆனால் சௌளத்தில் குடுமி விட்டுத்தான் மழிப்பார்கள், ஹோமம் உண்டு, மந்திரம் உண்டு. குலதெய்வத்துக்கு முழு மொட்டை போடுவது நேர்த்தி, அது வேறு வழி. இரண்டும் எங்கள் வீடுகளில் ஒன்றாகக் கலந்துவிட்டது. அதனால் யாராவது "கூடாது" என்றால் பயந்துவிடாதீர்கள், எந்த வழக்கத்தில் கூடாது, எங்கள் கோவிலில் என்ன செய்வார்கள் என்று கோவில் பூசாரியிடமே கேளுங்கள். தூரத்து உறவுகளைவிட அவர்கள் ரொம்ப இளக்கமானவர்கள்.

இப்போது அந்த இன்னொரு கணக்கு. மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் நடக்க வேண்டும். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. சித்தப்பா மகன் ஒருவன் திருச்சியில் இருக்கிறான், என்னைவிட நான்கு வயது சின்னவன், கல்யாணமாகி ஒரு வருடம். கேட்டேன், "வர்றேன்க்கா, என் மடியிலதானே" என்று சந்தோஷமாகச் சொன்னான். சீர் எதுவும் வேண்டாம், ஒரு பழத்தட்டும் பையனுக்கு ஒரு சட்டையும் கொண்டுவந்தால் போதும் என்று அவனிடம் நான் சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன். நாள் நெருங்க நெருங்க, சின்ன மாமியாரும் என் பெரியம்மாவும் தனித்தனியாக அவனுக்குப் போன் செய்து, தாய்மாமன் என்றால் தங்கம் வைக்காமலா, ஊர் என்ன சொல்லும் என்று பேசியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கோவிலில் ஏழு வரிசைத் தட்டோடு வந்து இறங்கினான். ஒரு தட்டில் அரைப் பவுன் செயின். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறது என்று புகுந்த வீட்டுப் பங்காளிகள் முன்னால் நின்ற பெருமை. நாலு மாதம் கழித்துத்தான் அவன் மனைவி வாய் தவறிச் சொன்னாள், அந்தச் செயினுக்காக 40,000 ரூபாய் வட்டிக்கு வாங்கினானாம்.

அந்த இரவு தூக்கம் வரவில்லை. சீர் என்பது பெண்ணுக்குச் சொத்தில் பங்கு இல்லாத காலத்தில் அண்ணன் தம்பி வழியாக அவளுக்கு ஏதாவது போய்ச் சேரட்டும் என்று வந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு எதுவும் தரவேண்டிய அவசியமே இல்லாத ஒரு பையன், ஒரு மடி கொடுக்க வந்ததற்காகக் கடனாளி ஆனான். செயினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், "பிள்ளைக்குப் போட்டதை வாங்குவாங்களாக்கா" என்று கோபித்துக்கொண்டான். கடைசியில் வட்டியை நான் கட்டுகிறேன் என்று மாதா மாதம் அனுப்புகிறேன், அதையும் அவன் மனதில்லாமல்தான் வாங்குகிறான். தாய்மாமன் முறைக்கு ஒருவரைக் கேட்டால், அவரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவர் மனைவியிடமும் சொல்லுங்கள், முக்கியமாக உங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம், "நான் சீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், யாரும் அவனிடம் பேசக் கூடாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பெயர் கெட்டால் கெடட்டும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை. நல்ல நேரம் பதினொன்றுக்கு என்றார்கள், நான் சரி என்றேன், அதுதான் தவறு. அவன் பதினொரு மணிக்குத் தூங்குகிற குழந்தை. தூக்கம் கலைந்து, பசித்து, வெயிலில், ஆயுளில் மூன்று முறை பார்த்திருக்கும் ஒருவனின் மடியில் உட்கார்ந்து, தலையில் தண்ணீர் ஊற்றினால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? கத்திய கத்தலில் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்துவிட்டேன். முன்காலத்தில் தாய்மாமன் என்றால் தினமும் தூக்கி விளையாடுகிறவன், அம்மாவுக்கு அடுத்தபடி பிள்ளைக்குப் பழகிய மடி அவனுடையது, அதனால்தான் அங்கே உட்காரவைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் தம்பியை இரண்டு நாள் முன்பே வரவழைத்துப் பிள்ளையோடு பழக விட்டிருக்க வேண்டும். நல்ல நேரத்திலும் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு, பிள்ளையின் தூக்கத்துக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொண்டிருக்கலாம், பூசாரி மறுத்திருக்க மாட்டார். முடி எடுக்கிற அண்ணனிடம் என் கண் முன்னால் புதுப் பிளேடு மாற்றச் சொன்னேன், நான் கையோடு வாங்கிப் போயிருந்தேன், அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது. பிளேடு மூலம் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும், சாமி காரியம் என்று சங்கோஜப்படாதீர்கள். அறநிலையத் துறைக் கோவில்களில் 2021இலிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் எங்களுடையது மாதிரி பங்காளிகள் பார்த்துக்கொள்கிற கோவிலில் அதெல்லாம் செல்லாது, அந்த அண்ணன் 1,000 கேட்டார், கொடுத்தேன், அந்தக் கத்தலுக்கு நடுவில் ஒரு கீறல் விழாமல் எடுத்ததற்கு அது தகும்.

சந்தனம் ஒரு தனிக் கதை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசுவது குளிர்ச்சிக்கு. நான் பூஜைக் கடையில் வாங்கிய பாக்கெட் பொடியைக் குழைத்துப் பூசினேன். சாயங்காலம் தலை முழுக்கச் சிவப்பாகத் தடித்துவிட்டது. அதில் சந்தனம் எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம். கட்டையை வாங்கிக் கல்லில் நீங்களே உரைத்துப் பூசுங்கள், அதையும் முதல் நாளே முழங்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். கட்டை கிடைக்கவில்லையென்றால் தேங்காய் எண்ணெய் போதும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காதுகுத்துதான் இதில் பெரிய வலி. ஊர் ஆசாரி வயதாகி விட்டுவிட்டார், அவர் பிள்ளை சென்னையில் நகைக்கடை வேலையில். அதனால் விழாக்களுக்கு வந்து துப்பாக்கி மாதிரிக் கருவியில் குத்துகிற ஒருவரை 1,500 ரூபாய்க்கு ஏற்பாடு செய்தேன். வலிக்கவே வலிக்காது, ஒரு நொடி என்றார். ஒரு நொடிதான். வலது காதில் சரியாக விழுந்தது. இடது காதுக்கு வருவதற்குள் பிள்ளை திமிறி, மடலின் மென்மையான இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தடித்த இடத்தில் விழுந்துவிட்டது. "பரவால்லம்மா, தோடு போட்டா தெரியாது" என்றார். ஐந்தாம் நாள் காது வீங்கி, தோட்டின் திருகு சதைக்குள் புதைந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மரத்துப்போக ஊசி போட்டுத் தோட்டை எடுத்தார்கள், சீழ் வந்தது. தலைத் தடிப்பு, காது, மருந்து எல்லாம் சேர்த்து 3,300 ரூபாய். ஆபத்து ஒன்றுமில்லை, பத்து நாளில் ஆறிவிட்டது, ஓட்டையும் தூர்ந்துவிட்டது. ஆனால் அந்த இரவு அவன் என்னைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. சடங்கு என்று நான்தானே பிடித்துக் கொடுத்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் காதுகுத்து எதற்கு என்று தேடிப் படித்தேன். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது, படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரமாக வந்தது, ஏனென்றால் நான் செய்யத் தவறியது எல்லாம் அதில் இருக்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் குத்த வேண்டும், வளர்பிறையில். குழந்தையை மடியில் வைத்து விளையாட்டுப் பொருள் காட்டிச் சமாதானப்படுத்த வேண்டும். இடது கையால் மடலை இழுத்துப் பிடித்து, சூரிய வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற இயற்கையான இடத்தைப் பார்த்து, அங்கே மெதுவாக, நேராகக் குத்த வேண்டும். ஆண் பிள்ளைக்கு வலது காது முதலில், பெண் பிள்ளைக்கு இடது. பிறகு பஞ்சுத்திரி நுழைத்து எண்ணெய் விட வேண்டும். இடம் தவறினால் ரத்தமும் வலியும் வரும் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த வெளிச்சம் தெரிகிற இடத்தைத்தான் நம் ஊர் ஆசாரிகள் சந்தனப் பொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் பொன் கம்பியால் குத்துவார்கள். கண்ணனுக்குக் காது குத்த யசோதை கெஞ்சிக் கூப்பிடுவதைப் பெரியாழ்வார் ஒரு பதிகமாகவே பாடியிருக்கிறார், அவன் வலிக்கும் என்று வர மாட்டேன் என்கிறான், அவள் பலகாரம் தருகிறேன் என்கிறாள். கண்ணனுக்கே அப்படி என்றால் என் பிள்ளை திமிறியதில் என்ன தப்பு?

என் அனுபவத்தில் சொல்வது இதுதான்: குத்துகிற ஆள் யார், எதனால் குத்துகிறார், எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று நேரில் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவிகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாகம் இருப்பதால் ஆவியில் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க முடியாது, வெறுமனே துடைப்பார்கள். ஊசியோ கம்பியோ நல்லது. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும். குத்துகிற இடத்தைப் பேனாவால் குறித்து, இரண்டு காதும் சமமாக இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். தண்டு கொஞ்சம் நீளமான கம்மல் போடுங்கள், வீங்கினாலும் புதையாது. மடலின் மேற்பகுதிக் குருத்தெலும்பு பக்கம் போகவே கூடாது, புண்ணானால் ஆறுவது சிரமம். குடும்பத்தில் யாருக்காவது காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளர்கிற உடம்பு என்றால் மருத்துவரிடம் கேட்காமல் குத்தவே வேண்டாம். மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் வைத்தால் செலவு மிச்சம் என்பார்கள், நானும் அதனால்தான் வைத்தேன். மொட்டையில் அழுது களைத்த பிள்ளையிடம் காதைக் கொடு என்றால் திமிறாமல் என்ன செய்வான்? இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து, குழந்தை மருத்துவரின் அறையிலேயே இடது காதை மறுபடி குத்தினோம். நாதஸ்வரம் இல்லை, வரிசைத் தட்டு இல்லை. ஆனால் மடி மட்டும் தம்பியின் மடிதான், திருச்சியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டான், ராத்திரி முழுக்க இரண்டு பேரும் கட்டிலில் குதித்து விளையாடினார்கள். குத்தும்போது பையன் ஒரே ஒரு முறை கத்திவிட்டு மாமன் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கணவர் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்தார், இந்த முறை சத்தம் போடவில்லை.

போன வாரம் தம்பி மனைவி போன் செய்தாள். ஏழாம் மாதமாம். "அண்ணி, தொட்டில் போடறப்போ நீங்கதான் அத்தை முறைக்கு. இப்பவே சொல்லிடறேன், நீங்க தங்கம் கிங்கம்னு எதையாவது தூக்கிட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்" என்றாள். சரி என்றேன். ஒரு அரைஞாண் கயிறும் அந்தப் பெயர் சொல்லாததும் வாங்கி வைத்திருக்கிறேன்.